ஒழுகாத நாசிலின் முதல் தாள்

காலை 9.40

டிராயிங் அறை அலமாரியின் பூட்டு உடையவில்லை. கதவு நெளியவில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ஏழு தாள்கள் இருக்க வேண்டும். முதலாளியம்மா எண்ணினார். ஆறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். அப்போதும் ஆறுதான். காணாமல் போயிருந்தது முதல் தாள்.

அந்தத் தாளில் இருந்தது பித்தளை நாசில் ஒன்றின் படம், அவ்வளவுதான். பயிருக்கு மருந்தடிக்கும் பம்பின் நுனியில் திருகுகிற, கட்டைவிரலை விடச் சின்ன சாமான். ஆனால் அதுதான் அந்த ஆலையில் நூற்று நாற்பது பேருக்குச் சோறு போடுகிறது. விசையிலிருந்து கையை எடுத்த மறுகணம் மருந்து நின்றுவிடும், ஒரு சொட்டு ஒழுகாது. இரண்டு வருடமாக அதை மூன்று நாடுகளுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். முதலாளியம்மா போலீசுக்குப் போன் செய்தார்.

காலை 10.15

இன்ஸ்பெக்டர் வந்தாள். கூடவே ஏட்டு வந்தார். இன்ஸ்பெக்டரைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவளைவிட இருபது கிலோ கனமானவர், எந்த நேரத்தில் சிரிக்கக்கூடாதோ அந்த நேரத்தில் சரியாகச் சிரிக்க வைப்பவர்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"நேத்து சாயங்காலம் நாலு மணி. வக்கீல் போன் பண்ணினார். முதல் தாள்லதான் தேதி இருக்கு, அதைக் காட்டினாத்தான் நம்ம கேஸ் நிக்கும்னார். எடுத்துப் பார்த்தேன். இருந்தது. வெச்சுப் பூட்டிட்டேன்."

"என்ன கேஸ்?"

முதலாளியம்மா மேசை மேல் இரண்டு நாசில்களை வைத்தார். "இதுல எங்களோடது எது, சொல்லுங்க பார்ப்போம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள். ஒரே நீளம், ஒரே மரை, ஒரே மினுமினுப்பு. இரண்டுக்கும் பக்கவாட்டில் காது போல ஒரு சின்னத் தகடு துருத்திக்கொண்டிருந்தது, அதில் ஒரு ஓட்டை. ஒன்றின் காதில் மட்டும் மெல்லிய கம்பி கோத்து மஞ்சள் சீட்டு தொங்கியது.

"சீட்டு தொங்கறது உங்களோடது இல்லை."

"சீட்டைக் கழட்டிட்டா எனக்கே தெரியாது மேடம். நாலு மாசத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்து இறங்கிச்சு. பாதி விலை. எங்க அத்தான் கண்ணு முழிச்சுக் கண்டுபிடிச்சதை அப்படியே காப்பி அடிச்சிருக்கானுங்க. இந்தக் காதைக்கூட விடலை பாருங்க. உள்ளே இருக்கிற காத்து வெளியே போறதுக்குன்னு அத்தான் யோசிச்சு வெச்சது."

இன்ஸ்பெக்டர் ஓட்டைக்குள் பேனா முனையை விட்டுப் பார்த்தாள். முனை அந்தப் பக்கமாக வெளியே வந்தது. நாசிலின் உள்ளே போகவில்லை. காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று அவளுக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியலில் தான் வாங்கிய மதிப்பெண் நினைவுக்கு வந்ததால் வாயைத் திறக்கவில்லை.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள இறக்குமதி வழக்கு மன்றத்துல மனு கொடுக்கணும்" என்றார் முதலாளியம்மா. "இதை உள்ளே விடக்கூடாதுன்னு தடை வாங்கலைன்னா அடுத்த மாசம் நான் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும். தாள் இல்லைன்னா, திருடு போச்சுன்னு போலீஸ் காகிதமாவது வேணும். திருடினவ பேரோட இருந்தா நல்லதுன்னு வக்கீல் சொல்றார்."

"திருடினவளா? ஆள் யாருன்னு முடிவே பண்ணியாச்சா?"

"டிராயிங்கம்மா."

டிராயிங் அறையில் படம் போடும் பெண்ணுக்கு ஆலையில் எல்லோரும் வைத்த பெயர் அது. எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். போன திங்கட்கிழமை வேலையை விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். கணவன் மூன்று வருடமாக வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறான். இவளும் மகளும் அங்கே போய்ச் சேர வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு விசா அலுவலகத்தில் நேர்காணல்.

"எந்த நாடு?" என்று கேட்டார் ஏட்டு.

முதலாளியம்மா சீட்டு தொங்கிய நாசிலைச் சுண்டினார். "இது எங்கேயிருந்து வந்துச்சோ, அதே நாடு."

அப்போது அத்தான் உள்ளே வந்தார். முதலாளியம்மாவின் அக்கா கணவர். ஆலையில் அவருக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். கூப்பிடுவதோடு நிற்கவில்லை, வருகைப் பதிவேட்டிலேயே அப்படித்தான் எழுதுவார்கள். அறுபதை நெருங்கும் மெலிந்த மனிதர், கசங்காத சட்டை. சுவரில் அவர் வாங்கிய விருது கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளத்தது.

"சாவி ரெண்டு. ஒண்ணு இவகிட்ட, ஒண்ணு என்கிட்ட" என்றார். "நேத்து அஞ்சரைக்கு டீ குடிக்கப் போனேன். சாவிக்கொத்தை மேசையிலேயே விட்டுட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். ரூம்ல அந்தப் பொண்ணு மட்டும்தான் இருந்தா. என் தப்புதான்."

"இப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் முதலாளியம்மா. "ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி அத்தான் அந்த நாட்டுக் கண்காட்சிக்குப் போனார். அப்பவே அவனுங்க இவரை நோட்டம் விட்டிருக்கானுங்க."

விஞ்ஞானி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாவது புரியுதா ஏட்டையா?"

"எல்லாம் புரியுது மேடம், ஒண்ணைத் தவிர. அவன் காப்பி அடிச்ச சாமான் வந்து நாலு மாசம் ஆச்சு. டிராயிங் திருடு போனது நேத்து. புள்ளை பிறந்து நாலு மாசம் கழிச்சு யாரோ கல்யாணப் பத்திரிகையைத் திருடிட்டுப் போயிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டைத் திறந்து அதையே கொஞ்சம் மரியாதையான மொழியில் எழுதிக்கொண்டாள்.

காலை 11.05

டிராயிங்கம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்துவிட்ட முகம்.

"தாளை எடுத்தீங்களா?"

"இல்லை மேடம்."

"நேத்து அஞ்சரைக்கு எங்க இருந்தீங்க?"

"ரூம்லதான். என் இடத்துக்கு வர்ற பொண்ணுக்காக எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டிருந்தேன்."

"மேசை மேல சாவி இருந்துதா?"

"நான் பார்க்கலை. அவர் மேசைப் பக்கம் நான் போறதே இல்லை."

"முதல் தாள்ல என்ன இருக்கு?"

அவள் நிமிர்ந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டதும் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அது சார் கையால பென்சில்ல போட்டது மேடம். அதைப் பார்த்துத்தான் நான் மத்த ஆறையும் சுத்தமாப் போட்டேன். நாசில் செய்யணும்னா அந்த ஆறு போதும். முதல் தாளை வெச்சு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. ஒரே கிறுக்கல். ஒவ்வொரு அளவுக்கும் ரெண்டு ரெண்டு எண் எழுதியிருந்தார்."

"ரெண்டுன்னா?"

"பக்கத்துல பக்கத்துல. நீளம் முப்பத்தொண்ணு புள்ளி ஏழு அஞ்சு, முப்பத்தொண்ணு புள்ளி ஏழு ரெண்டு. இப்படியே எல்லாத்துக்கும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதைப் போடட்டும் சார்னு கேட்டேன். பெருசைப் போடுன்னார். ஒரு எண்கூட முழுசா இல்லையே, முப்பத்திரண்டுன்னு வெச்சுக்கலாமான்னேன். ஒரு புள்ளியைக்கூடத் தொடாதேன்னு கத்தினார். மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கை யாராவது யோசிச்சுக் கண்டுபிடிப்பாங்களான்னு நினைச்சேன். பெரியவங்க, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்."

"அந்தக் காது எதுக்கு?"

"அழகுக்குன்னார்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "காத்து போறதுக்குன்னு சொன்னாங்களே?"

"எனக்குத் தெரியாது மேடம்." அவள் கண் மறுபடி நிறைந்தது. "கேஸ்ல பேர் வந்துட்டா விசா கிடைக்காதுன்னு சொல்றாங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க மேடம். மூணு வருஷமா போன்ல குடும்பம் நடத்தறேன். பொண்ணு அவங்கப்பாவை நேர்ல பார்த்தா அடையாளம் தெரியுமோ என்னமோ."

நிறைய குற்றவாளிகள் இதைவிட நன்றாக அழுது இன்ஸ்பெக்டர் பார்த்திருக்கிறாள். நிரபராதிகளும்தான்.

காலை 11.50

நாசிலைக் கடையும் லேத்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாசிலைப் பற்றி யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தவர் போலப் பேசினார்.

"எல்லாம் நல்லா இருக்கு மேடம், அந்தக் காது ஒண்ணுதான் தலைவலி. இத்தனூண்டு தகட்டுல துளை போடணும். இருபது விநாடி போகுது, வாரத்துக்கு நாலு துளையூசி உடையுது. இதை எடுத்துடலாம் சார், எதுக்குமே உதவலையேன்னு நானும் கெஞ்சிட்டேன். எடை சமமா இருக்கணும்யா, கையை வெக்காதேன்னுட்டார். ஒரு நாள் அவருக்குத் தெரியாம காது இல்லாம ஒண்ணு செஞ்சு பம்புல மாட்டிப் பார்த்தேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமே ஆகலை. நல்லா அடிச்சுது. ஒரு சொட்டு ஒழுகலை."

குறிப்பேட்டில் இன்ஸ்பெக்டர் வரிசையாக எழுதினாள்: காற்று, அழகு, எடை. ஒரே ஓட்டை, மூன்று காரணம். அவளுடைய குழப்பம் அங்கேதான் உண்மையில் தொடங்கியது. தன் குழந்தை ஏன் இடது கையால் சாப்பிடுகிறது என்று கேட்டால் ஒரு தாய் ஆளுக்கொரு பதில் சொல்ல மாட்டாள். தெரியும் என்பாள், இல்லையென்றால் தெரியாது என்பாள்.

மதியம் 12.20

கடைத்தெருவில் பம்பு, குழாய், உதிரி விற்கும் கடை. சீட்டு தொங்கிய நாசிலை முதலாளியம்மா வாங்கியது அங்கேதான். கடைக்காரர் தலைக்கு மேல் ஆணி ஆணியாகச் சாமான்கள் தொங்கின. நாசில், மூடி, கைப்பிடி, குழாய்த் திருகு. எல்லாவற்றிலும் ஒரு சின்னக் காது, கம்பி, மஞ்சள் சீட்டு.

"விலைச்சீட்டா?" என்றார் ஏட்டு.

"விலையெல்லாம் இல்லை. அந்த நாட்டுச் சட்டமாம். மருந்து படற எந்தச் சாமானா இருந்தாலும் சோதிச்சுப் பார்த்துச் சீட்டு மாட்டணுமாம். எனக்கு வசதியாப் போச்சு, அப்படியே ஆணியில மாட்டிடுவேன்." கடைக்காரர் ஒரு மூடியை எடுத்துத் தூசி தட்டினார். "இதைப் பாருங்க, எட்டு வருஷமா விக்காமக் கிடக்கு. வாங்கறீங்களா?"

"வேண்டாம்" என்றாள் இன்ஸ்பெக்டர். மூடியின் சீட்டு வெளுத்துப் போயிருந்தது. "இந்த நாசில் மட்டும் ஏன் இப்போதான் வந்திருக்கு?"

"அவங்க வழக்கமே அதுதான் மேடம். புதுசா ஒண்ணு வந்தா முதல்ல அவங்க ஊர்லயே விப்பாங்க. அங்கே ரெண்டு மூணு வருஷம் ஓடி, விலை இறங்கினப்புறம்தான் நம்ம பக்கம் கப்பல் ஏத்துவாங்க."

ஏட்டு வெளியே வந்ததும் முணுமுணுத்தார். "எனக்குப் பசி வந்தா மூளை நின்னுடும் மேடம். உங்களுக்கும் அப்படித்தானா?"

"எனக்குப் பசிக்காமலே நின்னுடுச்சு" என்றாள் இன்ஸ்பெக்டர்.

மதியம் 1.30

டிராயிங்கம்மாவின் வீடு இரண்டு அறை. பாதி அடுக்கிய பெட்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. அவளுடைய நாத்தனார் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். பெரிய கண்கள், கழுத்தில் மாலை போல அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. ஊசியை எடுக்காமலே சண்டைக்கு வந்தாள்.

"நல்லாத் தேடுங்க. அரிசி டப்பாவுலயும் பாருங்க. எங்கண்ணி ஒரு பென்சில்கூட ஆபீஸ்ல இருந்து எடுத்துட்டு வந்ததில்லை."

ஏட்டு அரிசி டப்பாவையும் பார்த்தார். தாள் எங்கேயும் இல்லை. கைபேசியில் கணவனோடு பேசிய செய்திகளில் பள்ளிக்கூடம், வாடகை, 'எப்போ வருவே' தவிர வேறொன்றும் இல்லை. அவன் ஓட்டும் லாரியில் ஏற்றுவது மரப்பலகை.

இன்ஸ்பெக்டர் யோசனையோடு சட்டைப்பையிலிருந்த ஆலை நாசிலை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கேட்காமலே அதை வாங்கிப் பார்த்தாள். கையில் கிடைத்த எதையும் அளந்து பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. நாடாவை வைத்தாள்.

"இதுக்குத்தானா இத்தனை ரகளை? ஒண்ணேகால் நீளம், முக்கால் அகலம், வாய் அரை. ஒரு பொத்தான்கூட இதைவிடப் பெருசா இருக்கும்."

"சரியா ஒண்ணேகாலா?"

"சரியாத்தான். நான் அளந்து தப்பாகுமா?"

இன்ஸ்பெக்டர் நாசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முப்பத்தொன்று புள்ளி ஏழு ஐந்து என்று ஒருத்தி சொல்கிறாள். ஒண்ணேகால் என்று இன்னொருத்தி சொல்கிறாள். எது சரி?

மாலை 3.10

ஜீப்பை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஏட்டு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தாள். எந்த வரியைப் படித்தாலும் அடுத்த வரி அதைக் கவிழ்த்தது. உபயோகமான ஆறு தாளை விட்டுவிட்டு உபயோகமில்லாத ஒன்றை எடுத்த திருடன். சந்தைக்கு வந்த பிறகு திருடு போன ரகசியம். மூன்று வேலை செய்து, ஒரு வேலையும் செய்யாத ஓட்டை.

அதற்குள் முதலாளியம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். வக்கீல் மன்ற வாசலில் காத்திருக்கிறார். புகாரில் டிராயிங்கம்மாவின் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். அதற்கு இன்ஸ்பெக்டருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு அந்தப் பெண் கணவனைப் பார்க்க இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ.

"ஏட்டையா, தையல் நாடாவுல ரெண்டு பக்கம் எதுக்கு?"

"ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் அங்குலம். என் சம்சாரம் அங்குலத்துலதான் அளப்பா. ஏன் மேடம்?"

"ஒரு அங்குலம் எத்தனை மில்லிமீட்டர்?"

"இருபத்தஞ்சு புள்ளி நாலு."

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த பேனாவால் கணக்குப் போட்டாள். கால் அங்குலம் சேர்த்தாள். கூட்டினால் முப்பத்தொன்று புள்ளி ஏழு ஐந்து. பிறகு, "பாதியில கட்டுங்க ஏட்டையா. போகலாம்" என்றாள்.

மாலை 4.20

டிராயிங் அறையில் எல்லோரும் இருந்தார்கள். முதலாளியம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விஞ்ஞானி விருதுக்குக் கீழே நாற்காலியில். டிராயிங்கம்மா கதவோரம் நின்றாள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சார், ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "அந்தக் காது எதுக்கு?"

"அது... உறுதிக்கு."

"இதோட நாலாவது பதில்."

முதலாளியம்மா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"முதலாளியம்மாகிட்ட காத்து போறதுக்குன்னு சொன்னீங்க. இவங்ககிட்ட அழகுக்கு. லேத்காரர்கிட்ட எடைக்கு. என்கிட்ட உறுதிக்கு. நீங்க யோசிச்சு வெச்சதா இருந்தா ஒரே காரணம்தான் இருந்திருக்கும். உங்களுக்கு அது எதுக்குன்னு தெரியாது. தெரியாததால எடுத்துவிடவும் பயம். அதை எடுத்தா ஒழுக ஆரம்பிச்சுடுமோன்னு பயம். அடுத்தவன் சாமானைப் பார்த்துச் செய்யறவனுக்குத்தான் எது முக்கியம், எது முக்கியமில்லைன்னு தெரியாது. எல்லாத்தையும் அப்படியே செஞ்சு வெப்பான்."

அவள் இரண்டு நாசில்களையும் மேசை மேல் வைத்தாள்.

"காது எதுக்குன்னு நான் சொல்றேன். இந்தச் சீட்டை மாட்டறதுக்கு. அவங்க நாட்டுல அது சட்டம். இன்னைக்கு நேத்து வந்த சட்டமும் இல்லை, கடையில எட்டு வருஷப் பழைய மூடியிலயும் இதே காது இருக்கு. நம்ம ஊர்ல அப்படி ஒரு சட்டமே கிடையாது. நம்ம நாசிலுக்குக் காது எதுக்கு?"

முதலாளியம்மா எழுந்துவிட்டார். "என்ன சொல்றீங்க மேடம்? அவங்களோடது வந்தே நாலு மாசம்தான் ஆகுது. நாங்க ரெண்டு வருஷமா விக்கறோம்."

"இங்கே வந்து நாலு மாசம். அவங்க ஊர்ல பிறந்து மூணு வருஷமாவது ஆகியிருக்கும். முதல்ல சொந்த ஊர்ல வித்துத் தீர்த்துட்டுத்தான் வெளியே அனுப்புவாங்க. அந்த இடைவெளியில சார் கண்காட்சிக்குப் போயிருக்கார். ரெண்டு நாசிலைப் பையில போட்டு எடுத்துட்டு வந்திருக்கார்."

"ரெண்டுன்னு எப்படி மேடம்?" என்றார் ஏட்டு. கேட்கக் கூடாத நேரத்தில் கேட்பதும் அவர் வழக்கம்தான்.

"முதல் தாள்ல ஒவ்வொரு அளவுக்கும் ரெண்டு எண். ரெண்டு சாமானையும் அளந்து பக்கத்துல பக்கத்துல எழுதியிருக்கார். இனிமேதான் செய்யப் போற பொருளை யாராலயாவது ரெண்டு தடவை அளக்க முடியுமா? அந்த எண் எல்லாம் மில்லிமீட்டர்ல அசிங்கமா இருக்கு. அங்குலத்துல பார்த்தா ஒண்ணேகால், முக்கால், அரை. முதல்ல கண்டுபிடிச்சவன் அங்குலத்துல யோசிச்சிருக்கான். உங்க ஆலையில அங்குலத்துல யோசிக்கறவங்க யாரும்மா?"

முதலாளியம்மா ஆலை நாசிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து நாலு மணிக்கு வக்கீல் அந்தத் தாளைக் கேட்டார். மன்றத்துக்குப் போனா நிபுணர் பார்ப்பார். பார்த்த உடனே இது கண்டுபிடிச்ச படம் இல்லை, அளந்து எழுதின படம்னு சொல்லிடுவார். அதனாலதான் மத்த ஆறு தாளும் பத்திரமா இருக்கு. திருட வந்தவன் ஆறைத்தான் எடுத்திருப்பான். மறைக்க வேண்டியவன்தான் ஒண்ணை எடுப்பான். சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு, முதலாளியம்மாவுக்கு அந்தத் தாள் வேணும், அதனால சாவியை மேசையில விட்டுட்டேன்னு சொன்னது வெறும் கதை." இன்ஸ்பெக்டர் விஞ்ஞானியிடம் திரும்பினாள். "தாள் எங்கே சார்?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கிழிச்சு பக்கெட் தண்ணியில ஊறப் போட்டுட்டேன்" என்றார். பிறகு முதலாளியம்மாவைப் பார்த்துப் பேசினார், போலீஸ் அங்கே இல்லாதது போல. "நீ வருஷா வருஷம் கேட்டே. அத்தான், புதுசா என்ன இருக்குன்னு. என்கிட்ட ஒண்ணும் இல்லை. கண்காட்சியில இருந்து கொண்டுவந்த நாசிலை மேசையில வெச்சுட்டு, இந்த மாதிரி நம்மளும் செய்யலாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ எல்லாரையும் கூப்பிட்டுக் கைதட்ட வெச்சுட்டே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அதுக்கு இவ ஜெயிலுக்குப் போகணுமா அத்தான்?"

"ஜெயில் வரைக்கும் போகாதுன்னு நினைச்சேன். ஊரை விட்டுப் போறவதானே, பேரு கெட்டா என்னன்னு..." அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்காது.

மாலை 4.48

முதலாளியம்மா வக்கீலுக்குப் போன் போட்டார். "மனு வேண்டாம்" என்றார். மறுபக்கம் என்னவோ கத்தியது. "வேண்டாம்னா வேண்டாம். காரணம் நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அந்த மனு உள்ளே போயிருந்தால், தன் ஆலை திருடியதைத் தன்னுடையது என்று தானே கையெழுத்துப் போட்டு மன்றத்தில் கொடுத்தவராக ஆகியிருப்பார். அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது, உட்கார்ந்துவிட்டார். நூற்று நாற்பது பேருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சொந்த அலமாரியிலிருந்து சொந்தக் கையால் எழுதிய தாளை எடுத்ததற்கு எந்தச் சட்டப் பிரிவு என்பதே இன்ஸ்பெக்டருக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. பொய்ப் புகாருக்கு மட்டும் பிரிவு தெரியும். விஞ்ஞானியை ஜீப்பில் ஏறச் சொன்னாள்.

முதலாளியம்மா புகார்க் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். டிராயிங்கம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசியவர் போல மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார்.

"உன் அனுபவச் சான்றிதழ். திங்கட்கிழமையே அடிச்சு வெச்சாச்சு. நாளைக்கு அங்கே கேப்பாங்க. எடுத்துட்டுப் போம்மா. என்னை மன்னிச்சுடு."

அவள் உறையைப் பிரித்து நின்றபடியே படித்தாள். பாதியில் நிறுத்தினாள். திரும்ப மேசை மேல் வைத்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த வரி வேண்டாம்மா."

முதலாளியம்மா குனிந்து படித்தார். எங்கள் ஆலை உலகிலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்த ஒழுகாத நாசிலுக்கு இவரே படம் வரைந்தார் என்று எழுதியிருந்தது.

"நான் அந்த நாட்டுக்குத்தானே போறேன்" என்றாள் டிராயிங்கம்மா. கோபம் இல்லை, கேலியும் இல்லை. "அங்கே போய் வேலை கேக்கறப்போ இதைத்தான் காட்டணும்."

முதலாளியம்மா பேனாவை எடுத்தார். அந்த வரியை ஒரு தடவை அடித்தார், போதாது என்று மறுபடி அடித்தார். பிறகு வேறு தாளை எடுத்து, தன் கையாலேயே புதிதாக எழுத ஆரம்பித்தார். எட்டு வருடம் நேரத்துக்கு வந்தார், நேர்மையாக வேலை செய்தார் என்று எழுதினார். அதற்கு மேல் அந்த ஆலையைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.